செட்டும் நஞ்சின்மையும்



தேவைக்கு மேல் செலவிடாமையைத் தமிழ்மக்கள் செட்டு என்பர். செட்டு வேறு, இவறன்மை வேறு. இவறன் வேண்டியதையும் கொடான். செட்டாளன் வேண்டாததையே விலக்குவான். மிகைபடக் கூறலைக் குற்றமென்று தள்ளி, சுருங்கச் சொல்லலை நூலழகுகளுள் முதலாக வைத்தது நன்னூல். நூலுக்குச் சொன்ன அந்நெறி பொருளாக்கத்திற்கும் பொருந்தும்.

சப்பானில் தொயோத்தா ஊர்தி ஆலையின் பொறிஞர் தாயிச்சி ஓனோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் செட்டைத் தொழில்முறையாகவே வகுத்தார். மிகையாக்கம், காத்திருப்பு, வேண்டாப் போக்குவரத்து, மிகைவினை, மிகையிருப்பு, வேண்டா அசைவு, பழுது என வீணழிவு ஏழு என்றார். இவை ஆலைக்குள் கண்ணாற் காணத்தக்கவை. ஆனால், பொருளை வரைதாளில் வரைந்த அன்றே அதனுட் புகுந்துவிடும் நஞ்சை எவ்வாறு களைவது?

பற்றாசையே எடுத்துக்கொள்வோம். மின்னணுக் கருவிகளில் உறுப்புகளைப் பலகையோடு பிணைப்பது அது. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். விலையும் குறைவு, வேலையும் எளிது. ஆதலால் நெடுங்காலம் அதுவே வழங்கிற்று. கருவி குப்பையானபின் நேர்வது என்ன? பலகையை எரித்துச் செம்பெடுக்கும் ஏழையின் மூச்சிற் காரீயம் ஏறுகின்றது. அருகில் விளையாடும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் நாளிலிருந்து, சில விலக்குகளோடு, மின்கருவிகளிற் காரீயம், இதளியம் உள்ளிட்ட ஆறு நச்சுப்பொருள்களுக்கு வரம்பிட்டது. காரீயம் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. இந்தியாவிலும் 2014 மே முதல் இத்தகைய வரம்பு வந்தது. வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றும் கலந்த பற்றாசு பரவிற்று. அது உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். அவ்வெப்பத்தைத் தாங்குமாறு பலகையையும் உறுப்புகளையும் மாற்ற நேர்ந்தது, எரியாற்றலும் கூடிற்று. வெள்ளியும் அகழ்ந்தெடுக்க வேண்டிய பொருளே.

ஆகவே நஞ்சை மாற்றினால் மட்டும் போதாது. அளவையும் குறைத்தல் வேண்டும். பலகை சிறுத்தால் பற்றாசும் குறையும். பசையிட்டு ஒட்டாமல் திருகாணியிட்டு மூட்டினால், பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். முழுக்கருவியும் குப்பைக்குப் போகாது. இவற்றை முடிவு செய்யும் இடம் வரைதாளே; குப்பைமேடன்று.

மொழியிற் புகுந்துவிட்ட அயற்சொல்லைக் களைதல் எத்துணை அரிது, புகவிடாமை எத்துணை எளிது என்பதை இவ்வியக்கத்தார் நன்கறிவர். காரீயமும் அத்தகையதே. தமிழ்ப் பொறிஞர் கோல் எடுக்கும்போதே கேட்கட்டும்: இஃது இன்றியமையாததா? இதனைக் கழற்றுவான் கைக்கு இது தீங்கு செய்யுமா?