காற்றும் நீரும் இல்லமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இல்லத்தை அழகுறவும் வசதியாகவும் அமைத்துக்கொள்வது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அத்துடன், இந்நாளில் பலரும் பேசுகின்ற 'பெங் சுயி' என்னும் சீன முறையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும் என்றனர்.

தலைநகர் தில்லியில் வாழும் நம்மில் பலருக்கு வீடு என்பது அரசு ஒதுக்கிய குடியிருப்பு. அன்றேல் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். சுவரை இடிக்க நமக்கு உரிமை இல்லை. வாசலைத் திருப்பி வைக்க வழியும் இல்லை. இந்நிலையில், 'உங்கள் அடுக்களை தவறான மூலையில் இருக்கிறது. அதனால்தான் பிள்ளைக்கு வேலை அமையவில்லை' என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அவ்வீட்டுத் தாய் எத்தனை இரவு உறக்கமின்றித் தவிப்பாள்! அழகை நாடித் தொடங்கிய முயற்சி அச்சத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே, அம்முறையின் வேர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காண்பது நன்று.

'பெங்' என்றால் காற்று. 'சுயி' என்றால் நீர். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் பழைய நூல் ஒன்று இக்கலைக்கு அடிப்படை எனப்படுகிறது. அது வீடு கட்டும் நூலன்று; முன்னோரை அடக்கம் செய்யத் தக்க நிலத்தைத் தேர்வது பற்றிய நூல். கடுங்காற்றுக்கு மறைவும் நீரின் அண்மையும் உடைய இடமே நல்லிடம் என்பது அதன் கருத்து. வாழ்வோர் இல்லத்துக்கும் அவ்வெண்ணமே பொருந்திற்று.

வடசீனத்தின் இயற்கையை எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து உறைபனிக் காற்று வீசும். கோபிப் பாலையின் புழுதியும் அவ்வழியே வந்து சேரும். கதிரவனோ தென்வானில் தாழ்ந்து செல்வான். ஆதலின், வடக்கே முதுகைக் காட்டித் தெற்கே முகம் வைத்துக் கட்டிய வீடு வெயிலைப் பெற்றது, குளிரைத் தவிர்த்தது. 1406 முதல் 1420 வரை பெய்சிங்கில் எழுந்த பேரரண்மனையும் தெற்கு நோக்கியதே. அதன் வடபுறத்தில், அகழி தோண்டிய மண்ணைக் குவித்து ஒரு குன்றையே எழுப்பினர். நற்பேறு என்று அவர்கள் போற்றிய திசைக்குப் பின்னால் அந்நாட்டுக் கதிரும் காற்றும் நின்றன. காரணத்தை மறந்து விதியை மட்டும் வேற்று நாட்டுக்குச் சுமந்து செல்வோமானால், விதி வெறும் அச்சமாகிவிடும்.

காற்றையும் திசையையும் நோக்கி வாழ்ந்தவர்கள் சீனர் மட்டுமல்லர். வடக்கேயிருந்து வருவது வாடை; தெற்கேயிருந்து வருவது தென்றல்; கிழக்கேயிருந்து வருவது கொண்டல்; மேற்கேயிருந்து வருவது கோடை. திசைக்கொரு காற்றும், காற்றுக்கொரு பெயரும் வைத்தவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்ததைச் சொல்கிறது. அதே பாட்டில், வேனிலில் தென்றலைத் தந்த பள்ளியறைச் சாளரம் கூதிர்காலத்தில் தாழிடப்பட்டுக் கிடப்பதையும் காண்கிறோம். ஒரே சாளரந்தான், ஒரு பருவத்தில் திறக்கத் தக்கது, மற்றொரு பருவத்தில் மூடத் தக்கது. திசை தானாக நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். சென்னையில் சூன் மாத நண்பகலில் கதிரவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பான். தில்லியில் அவன் ஒருநாளும் உச்சிக்கு வடக்கே செல்வதில்லை. திசம்பர் 22ஆம் நாளையொட்டி, நண்பகலில் தென்வானில் 38 பாகை உயரத்திலேயே நிற்கிறான். ஆதலின், குளிர்காலத்தில் தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். சூன் மாதத்திலோ 85 பாகை உயரத்துக்கு ஏறிவிடுவதால், சாளரத்தின் மேலுள்ள சிறு கூரையே அவ்வெயிலைத் தடுத்துவிடும். எனவே, தெற்கே சாளரம் வாய்த்த வீட்டினர் அதன்முன் பீரோவை நிறுத்தி மறைக்கலாகாது.

மேற்குப் பக்கம் வேறு வகையது. கோடை மாலையில் கதிர் தாழ்ந்து நேரே உட்புகும். 'லூ' என்னும் அனற்காற்றும் அத்திசையிலிருந்தே வரும். இதற்கு உள்ளே தொங்கும் கனத்த திரை போதாது. கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். மூங்கில் தட்டியை வெளிப்புறத்தில் கட்டினால் வெப்பம் வாயிலிலேயே நின்றுவிடும்.

நீரைக் காற்றில் ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலருக்கும் ஒரு முறை உண்டு. அது தள்ளும் காற்று வெளியேற எதிர்ப்புறத்தில் ஒரு சாளரம் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் அறை புழுங்கும். மேலும், வாரம் ஒருமுறை தொட்டியை வடித்துத் தேய்த்துக் காயவிட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலையை ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாளில் எய்திவிடுகிறது.

குளிர்காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. கதவு சாளரங்களை அடைத்துவிட்டுக் கரியடுப்பை மூட்டி உறங்குவது உயிருக்கே இறுதியாகும். எரிகரியிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவர் எழுவதில்லை. காற்றுக்கு வழி விடுதல் என்பது நற்பேற்றின் பொருட்டன்று, உயிரின் பொருட்டே. புகைமூட்டம் மிகுந்த நாள்களில் காலையும் இரவும் சாளரத்தை மூடி, காற்றுச் சற்றுத் தெளியும் பிற்பகலில் சிறிது நேரம் திறந்து வைக்கலாம்.

கடையில் விற்கும் நற்பேற்றுப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். வயிறு பெருத்துச் சிரிக்கும் அவ்வுருவம் கௌதம புத்தருடையதன்று. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பூதாய் என்னும் சீனத் துறவியின் வடிவம். நற்பேற்று மூங்கில் என்பதும் மூங்கிலன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திரசீனா என்னும் செடி. 2001ஆம் ஆண்டில் தென்சீனத்திலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் சென்ற இச்செடிகளின் நீரில் ஏடிசு கொசுவின் ஓர் இனமும் உடன் சென்று இறங்கிற்று! கண்ணுக்கு இனியவை என்பதற்காக இவற்றை வைத்துக்கொள்வதில் குறையில்லை. ஆனால், செடியின் நீரை வாரந்தோறும் மாற்றுங்கள். நற்பேறு வருமா என்பது ஒருபுறமிருக்க, காய்ச்சல் வாராதிருக்கட்டும்.

செலவின்றி இல்லத்தை அழகுறுத்தும் வழிகள் சில உள. மேற்கூரைக்கு வெண்மையும் சுவருக்கு வெளிர்நிறமும் பூசினால், சிறிய அறையிலும் ஒளி பரவும். சாளரத்துக்கு எதிரே நிலைக்கண்ணாடியை வைத்தால், வரும் ஒளி மீண்டும் அறைக்குள் திரும்பும். வலக்கையால் எழுதும் பிள்ளையின் மேசைக்கு ஒளி இடப்புறமிருந்து வரவேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். வாயிலில் செருப்புகள் சிதறிக் கிடவாமல் ஒரு சிறு மரத்தட்டு இருந்தால், வருவோர்க்கு இல்லம் முகமலர்ந்து வரவேற்பு அளிக்கும். 'என்றேனும் உதவும்' என்று ஆண்டுக் கணக்கில் கட்டிலுக்கடியில் சேர்த்த பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மாற்றலாகி வரும்போது கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படாதவை சில இருக்கும். அவற்றைத் தேவைப்படுவோர்க்கு அளித்துவிட்டால், அறையும் பெருகும், மனமும் விரியும். வெற்றிடமும் ஓர் அணிகலனே. பெங் சுயி வல்லுநரும் வாயில் தெளிவாக இருக்கவேண்டும், குப்பை சேரலாகாது என்றே கூறுவர். அப்பகுதியை நாம் மனமுவந்து ஏற்கலாம்.

இறுதியாக ஒன்று. இல்லத்தில் யாருக்கு எந்த இடம் என்பதே அழகின் முதற்கேள்வி. விருந்தினர் மாதம் ஒருமுறை அமரும் கூடம் ஒளியுடன் விளங்க, ஊரையும் உறவையும் விட்டு மகனுடன் வந்து தங்கிய முதிய தாயின் கட்டில் இருண்ட உள்ளறையில் கிடக்குமாயின், அவ்வீட்டை எந்தத் திசையும் காப்பாற்றாது. நாளின் பெரும்பகுதியை வீட்டில் கழிப்பவர் அவரே. குளிர்கால வெயில் விழும் சாளரத்தருகே அவர் கட்டிலைப் போடுங்கள். அடுக்களை எம்மூலையில் இருந்தால் என்ன? புகை வெளியேற ஒரு விசிறியும், நின்று சமைப்பவர் இளைப்பாற ஒரு முக்காலியும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சுவர் நம்முடையதன்று, மாற்றல் ஆணை வந்தால் விட்டுப் போவோம். ஆனால், அச்சுவருக்குள் வரும் வெயிலும் காற்றும், அவற்றை நாம் யார்க்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்பதும் நம் கையில் உள்ளன. விழா முடிந்து இல்லம் திரும்பியதும், திசைகாட்டியைத் தேடாமல், உங்கள் வீட்டில் வெயில் எப்போது எங்கே விழுகிறது என்று ஒருநாள் முழுதும் நோக்குங்கள். அதன்பின் கட்டிலையும் மேசையையும் நகர்த்துங்கள்.