தோப்புக்குப் புல்வெட்டி வாங்கினோம்



எங்கள் குழு டிராக்டர் 24 எச்.பி. தென்னந்தோப்புக் களை வெட்ட, பின்னால் மாட்டும் ரோட்டரி புல்வெட்டி வாங்கப் போனோம். கடைக்காரர் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுவிட்டு 5 அடிக் கருவியைக் காட்டினார். என்ஜின் பலம் முழுசா பி.டி.ஓ.வுக்கு வராது, 20 எச்.பி. வந்தால் பெரிசு. அடிக்கு 5 எச்.பி. வேணும். அப்போ 4 அடிதானே தாங்கும்? அதையே எடுத்தோம்.

கத்தி மடங்குற மாதிரி இருக்கணும். கல்லோ கட்டையோ தட்டினால் பின்னால் மடங்கிக்கும். சுமை கூடினால் முதலில் உடையுற போல்ட்டும் இருக்கான்னு பார்த்தோம். போல்ட்டு போனால் மாத்திக்கலாம். கியர் பாக்ஸ் போனால் தவணையை யார் கட்டுறது?

பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுத்தும். முந்தானை சிக்கினால் இழுக்க நேரமிருக்காது. தண்டுக்கு மூடி இல்லாத கருவி விலை குறைச்சல்தான், வேண்டாம்னுட்டோம். கல் தெறிக்காமலிருக்க பின்னால் சங்கிலித் திரையும் கேட்டு வாங்கினோம். ஆனாலும் வெட்டும்போது பிள்ளைகளைத் தோப்புக்குள் விடாதீங்க.

இப்போ வாடகைக்கும் விடுறோம். வேணுங்கிற குழு முதல் நாளே சொல்லிடுங்க. ஓட்டுகிற தங்கச்சியும் கூடவே வருவாள்.