வளையல் உடம்புக்காரர்கள்

மலேசியாவின் தங்காக்கிலிருந்து பேசுகிறேன். நம் ஊர் துணிக்கடைகளுக்குப் பேர்போனது. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் துணியெடுக்க வெளியூர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள். அந்தத் துணியைத் தைத்து முடித்ததும் மேசைக்கடியில் சேரும் வெட்டுத்துண்டுகளை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட கழிவுத் துணியில் ஆளுயரப் பொம்மைகள் செய்தவர் ஒருவர் இருந்தார். வட இந்தியாவில் சண்டிகார் நகரத்து நேக் சந்த்.

1924-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரை விட்டு வந்தார். சண்டிகாரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே வகுத்த திட்டப்படி அந்த நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்காகப் பழைய கிராமங்கள் பல இடிக்கப்பட்டன. உடைந்த ஓடும் பானையும் வளையலும் மலையாய்க் குவிந்தன. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் பொறுக்கினார். சிவாலிக் மலையடிவாரத்து ஓடைகளில் கல் எடுத்தார். கட்டடமே எழக்கூடாதென்று ஒதுக்கிவைத்த காட்டுப்பகுதியில் 1950களின் கடைசியில் தொடங்கி, பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் பாறைத் தோட்டம் என்னும் தனி உலகம் ஒன்றை உண்டாக்கினார். ஓவியப் பள்ளி எதிலும் படித்தவரல்லர்.

துணியில் மட்டுமல்ல, உடைந்த வளையலிலும் அவர் செய்த கைவேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். துருப்பிடித்த சைக்கிள் சட்டமோ இரும்புக் கம்பியோ உள்ளே எலும்பாக நிற்கும். மேலே சிமெண்டுக் கலவை. அது ஈரமாக இருக்கும்போதே உடைந்த கண்ணாடி வளையல்களை நெருக்க நெருக்கமாகப் பதிப்பார். பச்சையும் சிவப்புமாய் அதுவே சேலையாகிவிடும். முகத்துக்கு மட்டும் வேலைப்பாடு குறைவு. கண், மூக்கு, வாய் இருந்தால் போதும். இப்படி ஒன்றிரண்டு அல்ல, வரிசை வரிசையாக நிற்கின்றன. தனியாகப் பார்த்தால் எளிய பொம்மை. நூறு பேர் சேர்ந்து நம்மையே பார்க்கும்போது இடம்பெயர்ந்த ஒரு கிராமமே எதிரே வந்து நிற்பதுபோல் இருக்கிறது. வாசல்களையும் தாழ்வாக வைத்தார். உள்ளே போகிறவர் யாரானாலும் தலை குனிந்தாக வேண்டும்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, பொருளின் பழைய வாழ்க்கையை அவர் மறைக்கவில்லை என்பது. வளையல் வளையலாகவே தெரிகிறது. யாரோ ஒரு பெண்ணின் கையில் அது குலுங்கியது நினைவுக்கு வருகிறது. சாயம் பூசி மூடியிருந்தால் அழகு இருந்திருக்கும், அந்த உயிர் இருந்திருக்காது. பிற்காலத்தில் கட்டிய பெரிய வளைவுகளையும் ஊஞ்சல்களையும் கூட்டம் ரசிக்கிறது. என் கணக்கில் அவை தொடக்கக்காலச் சிலைகளுக்குக் கீழேதான்.

1970களில் அந்தத் தோட்டம் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, சட்டப்படி எல்லாவற்றையும் இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, சம்பளமும் ஆட்களும் கொடுத்து அவரையே பொறுப்பில் அமர்த்தினார்கள். 1984-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னர் ஒரு முறை சாலை போட புல்டோசர் வந்தபோது ஊர்மக்களே குறுக்கே நின்று தடுத்தார்கள். 2015-இல் அவர் காலமானார். பாறைத் தோட்டம் இன்றும் திறந்திருக்கிறது. இந்தியா போகிறவர்கள் சண்டிகாரையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, ரப்பர்த் தோட்டத்து வீடுகளைக் காலி செய்து வந்தபோது நாம் எடுத்துவந்த பால் மங்கு, உளி, பித்தளைச் சொம்பு எல்லாம் இன்னும் சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரின் லோரி வந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுங்கள். தையற்கடை வைத்திருப்பவர்கள் வெட்டுத்துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டிப் பக்கத்துப் பள்ளியின் ஓவிய ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.