பதிப்புரிமைப் பூட்டும் வன்னி எழுத்தும்

(கிளிநொச்சியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குருவிப் பள்ளும், வேழம் படுத்த வீராங்கனையின் கதையும் நம்மை வந்தடைந்தது எவ்வாறு? ஒருவர் பாட, மற்றவர் கேட்டுப் பாடினார். ஏடு வைத்திருந்தவர் படியெடுக்கக் கொடுத்தார். எவரும் அனுமதிச் சீட்டுக் கேட்டிலர். மொட்டைக்கறுப்பன் விதைநெல்லை அயற்கமக்காரனுக்கு அளந்து கொடுத்ததும் இம்முறையிலேயே. விதையைக் கொடுத்தாற் கையிருப்பாவது குறையும். பாட்டைக் கொடுத்தால் அதுவும் குறைவதில்லை.

இன்றைய சட்டமோ வேறு கூறுகின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுத்தாளனின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் அவன் ஆக்கம் பூட்டப்பட்டிருக்கும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் மாண்ட ஒரு கவிஞனின் நூலை, 2079 வரை அனுமதியின்றி மறுபதிப்பிடல் ஆகாது. அனுமதியை யாரிடம் கேட்பது? பதிப்பித்தவர் இல்லை, அச்சகம் இல்லை, உரித்தாளர் எந்நாட்டில் உள்ளாரோ! கிளிநொச்சியிலிருந்து மாத்தளனை நோக்கி மக்கள் நடந்தபோது நூல்களையா சுமந்து சென்றார்கள்? அவ்வாறு தொலைந்த நூலொன்றின் ஒற்றைப் படி உறவினர் வீட்டில் தப்பியிருப்பின், அதனையும் பெருக்கலாகாது என்னும் சட்டம் எழுத்தாளனைக் காப்பதாகுமா? அவனை இரண்டாம் முறை புதைப்பதன்றோ அது!

எழுத்தாளன் வயிற்றுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆயினும் சில நூறு படிகள் அச்சிட்டு, பாதியை அன்பளிப்பாகக் கொடுத்து, அச்சகக் கடனையும் தானே தீர்ப்பவனன்றோ நம் எழுத்தாளன்? பூட்டினால் அவன் கண்ட பொருள் யாது?

பாரதியார் மறைந்தது 1921 இல். அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமை பின்னர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ‘பில்ஹணன்’ படத்திற் பாரதி பாட்டைச் சேர்த்ததற்காக டி. கே. எஸ். சகோதரர்களுடன் தகராறு எழுந்தது. தமிழகம் கிளர்ந்தது. 1949 இற் சென்னை அரசு பாரதி நூல்களை நாட்டுடைமையாக்கியது. செட்டியாரும் விலை பெறாது உரிமையை விட்டுக்கொடுத்தார். பிற்பாடு எவரும் பதிப்பிக்கலாமென விடப்பட்டதனாலேயே மலிவுப் பதிப்புகள் குடிசைக்கும் வந்தன.

நமக்கு அவ்வாறு செய்யும் அரசு ஏது? நாமே செய்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் மறந்திலோம். 1998 இல் மதுரைத் திட்டமும் 2005 இல் நூலகம் இணையத்தளமும் தோன்றி, தமிழ் நூல்களை மின்வடிவில் எவரும் படிக்கத் திறந்து வைத்தன. ஆனால் உயிரோடுள்ள ஆசிரியர் இசைந்தாலன்றி, அவர் நூலை அவர்களும் வெளியிடல் இயலாது.

ஆகவே, வன்னியில் எழுதுவோரை நாம் கேட்பது ஒன்றே. நூலின் உட்பக்கத்தில், “ஆக்கியோன் பெயரைக் குறிப்பிட்டு எவரும் படியெடுக்கலாம், மறுபதிப்பிடலாம், மொழிபெயர்க்கலாம், மேடையேற்றலாம்” என அச்சிடுங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் என உலகெங்கும் வழங்கும் உரிமங்களுள் ஒன்றின் பொருளும் இதுவே. கொடுத்தபின் மீளப் பெறல் இயலாதாதலின், வீட்டாரோடு கலந்தே செய்க. பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்தோர் முதலில் அதன் இசைவையும் எழுத்திற் பெறல் வேண்டும்.