நெய்தலின் உரிப்பொருள் எங்கே?
கரிபியன் கடற்கரை விடுதியும் கவிஞனின் கண்ணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கரிபியன் தீவொன்றில் எழுந்துள்ள கடற்கரை விடுதியில் தங்குவது பற்றிய பேச்சு, பயண இதழுக்கு உரியதே தவிர இலக்கிய அவைக்கு உரியதன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் நிலத்தை நிலமாக மட்டும் பாராமல், பொழுதோடும் மாந்தரோடும் தொழிலோடும் உணர்வோடும் சேர்த்துப் பார்க்கப் பழக்கியது தமிழ் மரபு. முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் வகுத்த பாகுபாடு வெறும் பட்டியலன்று. ஓர் இடத்தை முழுமையாக அறிவதற்கான அளவுகோல். கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதன் சிறுபொழுது எற்பாடு. அதன் மாந்தர் பரதவர். அவர்தம் தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும். அதன் உரிப்பொருள் இரங்கல். இவ்வளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு இன்றைய உலகின் மிகப் புகழ்பெற்ற கடற்கரைகளுள் ஒன்றை அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

'அனைத்தும் அடங்கிய விடுதி' என்னும் ஏற்பாட்டை முதலில் விளக்குவது தகும. தங்குமிடம், உணவு, குடிவகை, நீர் விளையாட்டு, இசைநிகழ்ச்சி யாவற்றிற்கும் புறப்படுமுன்பே ஒரே தொகையாகப் பணம் கட்டிவிடுவது இதன் முறை. கரைசேர்ந்தபின் பணப்பையைத் திறக்கவேண்டுவதில்லை. பல விடுதிகளில் விருந்தினரின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகின்றனர். அதுவே அவருடைய அடையாளம், அதுவே அவருடைய நாணயம். இம்முறைக்கு வித்திட்டது 1950-இல் பெல்ஜிய நாட்டவரான ஜெரார்ட் பிளிட்ஸ் நிறுவிய 'கிளப் மெட்'. மயோர்க்கா தீவின் அல்குதியாக் கரையில் கூடாரங்களோடு தொடங்கியது அது. விலை குறைந்த, ஏற்றத்தாழ்வற்ற கூட்டு வாழ்க்கை என்பதே அதன் தொடக்கக் கனவு. அக்கனவு கரிபியனுக்கு வந்தபோது வேறு வடிவம் கொண்டது. 1970-களில் ஜமைக்காவில் அரசியல் வன்முறையும் பொருளாதார நெருக்கடியும் ஒருங்கே மூண்டன. வெளியே செல்ல அஞ்சிய பயணிக்கு உள்ளேயே எல்லாம் தரும் விடுதி ஏற்றதாயிற்று. 1976-இல் நெக்ரிலிலும், 1981-இல் மான்டிகோ விரிகுடாவில் 'சாண்டல்ஸ்' என்ற பெயரிலும் எழுந்த விடுதிகள் இம்முறையைத் தீவுகளெங்கும் பரப்பின. இன்பத்துக்காக எழுந்த மதில் என்று தோன்றுவதன் அடிக்கல், உண்மையில், அச்சம்.

இனி ஒரு குறிப்பிட்ட கரைக்கு வருவோம். செயின்ட் வின்சென்ட் என்பது கிழக்குக் கரிபியனில் உள்ள சிறு தீவு. கிரனடீன்ஸ் என்னும் சிறுதீவுக் கூட்டத்தோடு சேர்ந்து 1979 அக்டோபர் 27 அன்று விடுதலை பெற்றது. வடபால் சூஃப்ரியர் எரிமலை நிற்கிறது. 1902-இல் அது வெடித்தபோது ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1979-இலும், மீண்டும் 2021 ஏப்ரலிலும் அது சீறியது. ஆகவே இத்தீவின் கடற்கரைகள் பெரும்பாலும் கரிய மணலால் ஆனவை. எரிமலையின் உள்ளிருந்து வந்த கல்லை ஆறும் கடலும் அரைத்துத் தந்த மணல் அது. அம்மண்ணின் வரலாறு அம்மணலின் நிறத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

பெரிய விமானங்கள் இறங்க இடமில்லாததால் நெடுங்காலம் பெருவிடுதிகள் இத்தீவை நாடவில்லை. 2017 பிப்ரவரியில் ஆர்கைல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. 2024 மார்ச்சில் மேற்குக் கரையின் பக்கமென்ட் விரிகுடாவில், இணையர்க்கென்றே அமைந்த 'சாண்டல்ஸ்' விடுதி முந்நூறுக்கும் மேற்பட்ட அறைகளோடு திறக்கப்பெற்றது. விமானத்திலிருந்து இறங்கும் விருந்தினரை வண்டி ஏற்றிக்கொள்கிறது. தலைநகர் கிங்ஸ்டவுனைக் கடந்து, மலைச்சரிவுகளில் வளைந்து சென்று, வாயிலில் இறக்கிவிடுகிறது. அந்த வண்டிப் பயணத்தில் சன்னல் வழியே கண்டதுதான் பலருக்கு அந்நாட்டோடு ஏற்படும் முழுப் பழக்கம். அதன்பின் ஏழுநாளும் நீலம், பச்சை, குளிர்ந்த கண்ணாடிக் குவளை, மாலைக் கதிரவன். எவரும் குறைகூற இயலாத வசதி; உழைத்துக் களைத்தவர்க்கு உண்மையான ஓய்வு. அதை இகழ்வது நேர்மையாகாது.

இதே விரிகுடாவில் இதற்கு முன்னும் ஒரு விடுதி இருந்தது. 2010-இல் திறந்து, 2016-இன் இறுதியில் மூடப்பட்டது. பணியாளர்கள் வேலையிழந்தனர். அவ்விடுதி எழுந்தபோது நிகழ்ந்த ஒரு செயலைக் கவிஞர்கள் கருத்தில் இருத்துதல் வேண்டும். கரை கரியதாக இருந்தது. விளம்பரப் படங்களின் கடற்கரையோ வெண்ணிறமானது. எனவே வேறு நாட்டிலிருந்து வெண்மணலை வரவழைத்து அக்கரையில் பரப்பினார்கள். எரிமலை தந்த மணலின்மேல் இறக்குமதி செய்த மணல்! 'சொர்க்கம்' என்ற சொல்லுக்கு முன்கூட்டியே ஒரு நிறம் குறிக்கப்பட்டுவிட்டது. நிலம் அந்நிறத்துக்கு இணங்கவில்லையெனில் நிலத்தைத்தான் மாற்றவேண்டும் என்பதே அச்செயலின் உட்பொருள்.

இதனை ஐம்பதாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் அத்தீவின் ஜேம்ஸ் மிட்சல். கிரனடீன்ஸின் பெக்குவே தீவினர். வேளாண் அறிவியல் கற்றவர். தாமே ஒரு சிறு விடுதி நடத்தியவர். 1972-இல் செயின்ட் வின்சென்டின் முதல்வராக இருந்தபோது, சுற்றுலாத் துறையினர் கூடிய அவையில், 'சொர்க்கமாவது ஒழியட்டும்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை பெரும் பரபரப்பை விளைத்தது. சுற்றுலாவே வேண்டா என்று அவர் கூறவில்லை. நாடு முதலில், சுற்றுலா அதற்குப் பின் என்பதே அவர்தம் நிலைப்பாடு. பின்னர் 1984 முதல் 2000 வரை அவர் நாட்டின் பிரதமராகவும் இருந்தார்.

அதே 1972-இல் அத்தீவுக்குத் திரும்பி வந்தவர் ஷேக் கீன். 1927-இல் கிங்ஸ்டவுனில் பிறந்தவர். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஜாஸ் இசையில் எக்காளக் கலைஞராகப் பெரும்பெயர் பெற்றவர். மிட்சல் அரசில் பண்பாட்டுத் துறை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அரசு மாறியதும் பதவி போயிற்று, பள்ளி ஆசிரியரானார். 1979-இல் எரிமலை வெடித்தபோது அதனையே பொருளாகக் கொண்டு 'எரிமலைத் தொகுதி' என்னும் கவிதை வரிசையை எழுதினார். அதே ஆண்டில், மருந்துச் சீட்டின் வாசகம்போல் ஒலிக்கும் 'வாரம் ஒன்று, தண்ணீருடன்' என்ற நூலுக்காகக் கியூபாவின் 'காஸா தெ லாஸ் அமெரிக்காஸ்' பரிசு பெற்றார். 1997-இல் நார்வேயில் காலமானார். தீவின் கரிய மணலுக்குச் சொல்லைத் தேடியவர் கீன். அம்மணலை மூடியவர்கள் பின்னால் வந்தார்கள்.

அண்டைத் தீவான செயின்ட் லூசியாவின் டெரிக் வால்காட் உலகறிந்த பெயர். பதினெட்டாம் வயதில் தாயிடம் பணம் பெற்றுத் தம் முதற் கவிதை நூலை அச்சிட்டுத் தெருமுனைகளில் விற்றவர், 1992-இல் நோபல் பரிசு பெற்றவர், 2017-இல் மறைந்தவர். 1990-இல் வெளிவந்த அவருடைய 'ஓமெரோஸ்' காவியம் மீனவர்களைக் காவிய மாந்தராக்கியது. அக்காவியத்தின் தொடக்கத்திலேயே சுற்றுலாப் பயணிகள் வந்துவிடுகின்றனர். ஃபிலோக்டெட் என்னும் மீனவர் தம் காலின் தழும்பைக் காசு பெற்றுக்கொண்டு அவர்களுக்குக் காட்டுகிறார். ஹெக்டர் கடலைக் கைவிட்டு, பயணிகளை ஏற்றிச்செல்லும் வண்டியோட்டியாகிறான், சாலையிலேயே மடிகிறான். ஹெலனோ உணவகத்தில் பயணிகளின் நடத்தையைப் பொறுக்கமாட்டாமல் வேலையை இழக்கிறாள். இம்மூவரும் நெய்தலின் கருப்பொருளாக இருந்த மாந்தர். விடுதியின் வருகையால் இடம்பெயர்ந்தவர். அவர்களுடைய இரக்கத்தைப் பாடியதனால்தான் அக்கடற்கரை நெய்தலாக நிற்கிறது.

வால்காட் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தம் தீவின் அடையாளமாகிய இரட்டைச் சிகரங்களுக்கு, 770 மீட்டர் உயரமுள்ள குரோ பிதோனுக்கும் 743 மீட்டர் உயரமுள்ள பெத்தி பிதோனுக்கும், இடையே விடுதி கட்டுவதை வெளிப்படையாக எதிர்த்தார். விடுதி எழுந்தே தீர்ந்தது. 2004-இல் அப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கவிஞனின் எதிர்ப்பு தோற்றது என்று கணக்கெழுதலாம். எனினும் எதிர்த்த குரல் பதிவாகியிருக்கிறது.

அன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988-இல் எழுதிய 'ஒரு சிறிய இடம்' என்னும் உரைநடை நூல் வேறொரு வழியைத் தேர்ந்தது. பயணியையே முன்னிலைப்படுத்தி, அவர் காணாதவற்றைக் காட்டுகிறது: வறட்சி மிகுந்த தீவில் நீர் அரியது, குளியலறைக் கழிவு சேருமிடம் தெரியாது, உள்ளூர் உணவென்று உண்பது வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியது. வால்காட் இரங்கினார், கின்கெய்ட் சினந்தார். இரண்டும் கடற்கரைக்கு மனிதரை மீட்டுத் தந்த செயல்களே.

மறுபக்கத்தையும் கூறாவிடில் நடுநிலை தவறும். செயின்ட் வின்சென்ட் போன்ற தீவுகள் நெடுங்காலம் வாழைப்பழ ஏற்றுமதியால் வாழ்ந்தன. ஐரோப்பா அளித்துவந்த சந்தைச் சலுகைக்கு எதிராக 1997-இல் உலக வணிக அமைப்பு தீர்ப்பளித்தபின் அவ்வாழ்வு சரிந்தது. தோட்டங்கள் காடாயின, இளைஞர் கடல்கடந்தனர். அந்நிலையில் ஒரு விடுதி நூற்றுக்கணக்கானோர்க்கு மாதந்தோறும் ஊதியம் தருகிறதென்றால், தொலைவிலிருந்து அதனைத் தூற்றுவது எளிது. அவ்வூதியத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு விடை கூறுவது அரிது. ஆனால் அத்தாயின் முகம் விளம்பரத்தில் புன்னகையாக மட்டுமே வருகிறது. அவள் எப்போது எழுகிறாள், எவ்வளவு தொலைவு நடக்கிறாள், விருந்தினர் உறங்கியபின் எதை எண்ணி வீடு திரும்புகிறாள் என்பதெல்லாம் 'அனைத்தும் அடங்கிய' கணக்கில் அடங்குவதில்லை.

இத்தீவோடு தமிழர்க்கு உள்ள உறவும் நினைக்கத் தக்கது. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, மதராஸ் துறையிலிருந்து புறப்பட்ட 'திருவாங்கூர்' என்னும் கப்பல் 1861 ஜூன் 1 அன்று செயின்ட் வின்சென்டை அடைந்தது. 1880 வரை எட்டுக் கப்பல்களில் ஏறத்தாழ 2,500 இந்தியர் அங்கே சென்றனர். மதராஸிலிருந்து கப்பலேறியோரில் தமிழ் பேசியோரும் இருந்தனர் எனக் கொள்வது பொருந்தும். இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் பேசுவது ஆங்கிலமே. ஜூன் முதல் நாளை அத்தீவு இந்தியர் வருகை நாளாக நினைவுகூர்கிறது. அவர்களுக்கு முன்பே, 1797-இல், கரிஃபுனா மக்களை ஆங்கிலேயர் அதே தீவிலிருந்து கப்பலேற்றித் தொலைதூரத்துக்கு நாடுகடத்தினர். ஆக, அக்கரை வந்திறங்கியோரின் கண்ணீரையும் துரத்தப்பட்டோரின் கண்ணீரையும் ஒருங்கே அறிந்த கரை. இரங்கல் என்னும் உரிப்பொருளுக்கு இதனினும் தகுந்த நிலம் வேறெது?

இப்போது அளவுகோலுக்குத் திரும்பலாம். பெருவிடுதி முதற்பொருளை வைத்துக்கொள்கிறது: கடல் உண்டு, எற்பாட்டுக் கதிரவன் உண்டு. கருப்பொருளை வடிகட்டுகிறது: படகு அலங்காரமாகிறது, மீனவர் பணியாளராகிறார், பறை மேடை நிகழ்ச்சியாகிறது. உரிப்பொருளை முற்றாக நீக்கிவிடுகிறது. துயரத்துக்கு அங்கே இடமில்லை. அதற்காகத்தானே பணம் கட்டப்பட்டது! எனவே அனைத்தும் அடங்கிய கரையில் அடங்காத ஒன்று உண்டெனில் அது நெய்தலே.

இதனால் கவிஞர்க்குக் கிடைக்கும் பாடம் யாது? வெண்மணலைப் பரப்பியவர்கள் விடுதிக்காரர்கள் மட்டுமல்லர். எழுதுகின்ற கையும் அதனைச் செய்வதுண்டு. தன் ஊரின் கடல் சேறும் மீன்வாடையும் உடையதாக இருக்க, கவிதையில் மட்டும் பளிங்குக் கடலும் வெள்ளி மணலும் வந்து விழுவதைப் பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் கேட்டோர் அறிவர். படித்த கவிதையிலிருந்து அள்ளிவந்த மணல் அது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வெள்ளம் வந்தால் அடித்துச்செல்லும். அடியிலிருக்கும் கரிய மணலோ எரிமலையின் உடல். அதனை எந்த வெள்ளமும் முற்றாகக் கொண்டுபோவதில்லை. கீன் தம் எரிமலையைப் பாடியது அதனாலேயே.

இலக்கிய வட்டம் என்பதும் ஒரு கரைதான். பத்தாண்டுகளில் அதற்கும் ஒரு வாயில், ஓர் அடையாளப் பட்டை, உள்ளிருப்போர்க்கு மட்டுமான இன்பம் என்பவை தாமே வந்து சேர்தல் இயல்பு. வாயிலைத் திறந்துவைத்து, வெளியே நிற்கும் குரலையும் உள்ளே அழைத்து, இனிமையற்ற கவிதையையும் பொறுமையோடு கேட்கும் அவையாக இது அடுத்த பத்தாண்டுகளிலும் திகழவேண்டும். தன் மண்ணின் நிறத்தைக் கண்டு நாணாத கவிதைகள் இவ்வட்டத்திலிருந்து பெருகுவனவாகுக.

வாழ்க இவ்வட்டம், வளர்க அதன் பணி.