மேலேறும் கலை: புதிய சுழியோடிகளுக்கான பாதுகாப்பு

கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பாலும், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை வரை நீளும் கரைக்கு எதிரேயும், கடலடியில் பல கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. முதலாம் உலகப் போரின்போது வுல்ஃப் என்னும் ஜேர்மனியப் போர்க்கப்பல் இரகசியமாக இட்டுச் சென்ற கடற்கண்ணிகளில் சிக்கி, 1917 பெப்ரவரி 17ஆம் திகதி வூஸ்டர்ஷயர் என்ற கப்பலும், நான்கு நாட்களின் பின் பேர்சியஸ் என்ற கப்பலும் இவ்வாறு தாழ்ந்தவையே. மீன் கூட்டங்களின் உறைவிடமாகிவிட்ட இத்தகைய கப்பல்களைக் காணும் ஆவல், காற்றுச் சிலிண்டருடன் கடலில் இறங்கும் ஸ்கூபா சுழியோடலின்பால் பலரை ஈர்க்கின்றது. அவ்வாறு புதிதாக இறங்க விழைவோர் முதலில் உணரவேண்டிய உண்மை ஒன்று உண்டு: சுழியோடியின் உயிருக்கு வரும் பேராபத்துகளுட் பல, அவர் ஆழத்தை நோக்கி இறங்கும்போதன்றி, அங்கிருந்து மேலேறும்போதே நேர்கின்றன.

இதன் காரணம் நீரின் அழுத்தத்தில் உள்ளது. கடல்மட்டத்தில் உடலை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் அதே அளவு அழுத்தம் கூடிச் செல்வதால், 10 மீற்றரில் அது இரு மடங்காகவும் 30 மீற்றரில் நான்கு மடங்காகவும் ஆகின்றது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள், கல்லின் பாரத்தால் விரைந்திறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பி சேர்த்துத் திரும்பினர். அவர்கள் நெஞ்சில் இருந்தது மேற்பரப்பின் காற்றாதலால், ஆழத்தில் சுருங்கிய அக்காற்று, மேலே வந்ததும் பழைய அளவுக்கு மீண்டதேயன்றி அதைத் தாண்டவில்லை. சிலிண்டருடன் இறங்குபவரின் நிலையோ முற்றிலும் வேறு. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கிய ரெகுலேட்டர், அதாவது சிலிண்டரின் காற்றைச் சூழவுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையாக்கி வாய்க்குத் தரும் கருவி, 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரலை இரு மடங்கு அடர்ந்த காற்றால் நிரப்புகின்றது. அக்காற்றை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலேறினால், அது விரிந்து இரு மடங்காக முயன்று, நுரையீரலைக் கிழித்துக் குருதிக்குள்ளும் புகுந்துவிடலாம். ஆகவே, நீந்தத் தெரிந்த எவருக்கும் இயல்பாக வரும் மூச்சடக்கும் பழக்கத்தை விட்டொழித்து, இடைவிடாது மூச்சு விட்டுக்கொண்டேயிருப்பதே சுழியோடலின் முதல் விதியாகும். மேற்பரப்பை ஒட்டிய கடைசி 10 மீற்றரிலேயே காற்று மிகுதியாக விரிவதால், ஆழம் குறைந்த நீச்சல் தடாகப் பயிற்சியிலும் இவ்விதிக்கு விலக்கில்லை.

இரண்டாவது ஆபத்து நைதரசனால் வருவது. சிலிண்டரில் இருப்பது, பலர் எண்ணுவதுபோல் தனி ஒட்சிசன் அன்று. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே அழுத்தி அடைக்கப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதியான நைதரசன், ஆழத்தில் தங்கும் நேரத்துக்கேற்பக் குருதியிலும் தசைகளிலும் கரைகின்றது. மூடியைச் சட்டெனத் திறந்த சோடாப் போத்தலில் குமிழிகள் பொங்குவதைப்போல, விரைந்து மேலேறுபவரின் உடலில் அது குமிழிகளாக வெளிப்பட்டு, அழுத்தத் தளர்ச்சி நோயை உண்டாக்குகின்றது. ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற உடலியல் அறிஞர் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, படிப்படியாக மேலேறும் அட்டவணைகளை 1908இல் வெளியிட்டார். இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் முறைப்படி, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மிகாத வேகத்தில் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து, அதன் பின்னரே மேற்பரப்பை அடையவேண்டும்.

இலங்கையின் வட கடலில் கடலட்டைக்காக ஒரே நாளில் பலமுறை ஆழமாகச் சுழியோடும் தொழிலாளர் சிலர் கைகால் முடங்கிப்போனது இந்நோயாலேயே. மூட்டு வலி, தோலில் தடிப்பு, விறைப்பு, தலைச்சுற்று, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றுள் எது தோன்றினும், அதைக் களைப்பென்று தள்ளிவிடாமல், பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் கொடுத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைத்து மருத்துவமனையில் சேர்க்கவேண்டும். மீண்டும் நீருக்குள் இறக்கிக் குணப்படுத்த முயல்வது ஆபத்தானது. உடலை மறுபடி அழுத்தத்துக்கு உட்படுத்திக் குமிழிகளைக் கரைக்கும் மீளழுத்த அறையே இதற்குரிய சிகிச்சை.

கரையேறியதோடு இவ்வாபத்து தீர்வதில்லை. ஒருமுறை சுழியோடியவர் 12 மணி நேரமும், பலமுறை சுழியோடியவர் 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்கவேண்டும். 600 மீற்றருக்கு மேற்பட்ட மலைப்பகுதிக்குத் தரைவழியாகச் செல்வோரும் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பது நல்லது. காலையில் கல்கிசையில் சுழியோடிவிட்டு, மாலையில் ஹட்டனிலுள்ள உறவினர் வீட்டுக்கோ, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கோ புறப்படுவது கொழும்பு வாசிகளுக்கு எளிதாகையால், இது தனியே வலியுறுத்தத் தக்கது.

இறங்கும்போது கவனிக்கவேண்டியது செவி. சில மீற்றர் ஆழத்திலேயே செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படுவதால், வலி தோன்றுமுன்பே மூக்கைப் பொத்தி மென்மையாகக் காற்றை ஊதி உள்ளழுத்தத்தைச் சமன்செய்யவேண்டும். தடிமன் பிடித்திருக்கும் நாளில் இறங்கவே கூடாது. சிலிண்டரின் அழுத்தமானியில் முள் ஏறத்தாழ 200 பாரில் தொடங்கும். 50 பாரைக் காட்டும் சிவப்புப் பகுதியை அது தொடுமுன் மேற்பரப்பை அடையும்படி, துணைச் சுழியோடியுடன் கரையிலேயே திட்டமிடவேண்டும். தரையில் 'நன்று' என்று பொருள்படும் உயர்த்திய கட்டைவிரல், நீருக்கடியில் 'மேலே செல்வோம்' என்பதற்கான சைகையாகும். நலமாயிருப்பதை உணர்த்தக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக இணைத்துக் காட்டவேண்டும்.

அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்குரிய எல்லை 18 மீற்றர். வூஸ்டர்ஷயர் கிடப்பதோ 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடலின் உச்ச எல்லையான 40 மீற்றரையும் கடந்த அந்த ஆழம், சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது. எல்லைக்குட்பட்ட கப்பல்களிலும், அறுந்த மீன்வலைகள் சுற்றிக் கிடக்கக்கூடுமாதலால், புதியவர் உட்புகாமல் வெளியே நின்று பார்ப்பதே தகும். பருவமும் எல்லை வகுக்கின்றது: மேற்குக் கடல் பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரையே அமைதியாக இருக்கும், தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலையும் கலங்கலும் மிகுவதால், அக்காலத்தில் திருகோணமலை, பாசிக்குடா போன்ற கிழக்குக் கரைகளே ஏற்றவை. நூறாண்டு கடந்தும் அங்கேயே கிடக்கும் கப்பல் அடுத்த பருவத்திலும் இருக்கும் என்பதால், ஐயம் எழுந்த நாளில் இறங்காமல் திரும்புவது எவருக்கும் இழுக்காகாது.

எனவே, பணம் செலுத்துமுன் சில வினாக்களைத் தயங்காது கேட்கவேண்டும். பயிற்றுநரின் சான்றிதழ் நடப்பிலுள்ளதா, படகில் ஒட்சிசன் வைக்கப்பட்டுள்ளதா, ஒரு பயிற்றுநர் எத்தனை பேரை அழைத்துச் செல்கின்றார், ஆஸ்துமா, இருதய நோய், செவி நோய் பற்றி அவர் விசாரிக்கின்றாரா என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றுக்குப் பொறுமையாகவும் தெளிவாகவும் பதில் கூறுபவரிடம் மட்டுமே பிள்ளைகளைப் பெற்றோரும், தம் உயிரைப் புதிய சுழியோடிகளும் ஒப்படைக்கவேண்டும்.