களைதலும் உரித்தலும்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



உடையைப் பற்றிய வினைகளைத் தமிழ் எத்துணை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேட்டியையும் சேலையையும் உடுக்கின்றோம். சட்டையை அணிகின்றோம். போர்வையைப் போர்த்துகின்றோம். பூவைச் சூடுகின்றோம். அணிகலனைப் பூணுகின்றோம். தலைப்பாகையைக் கட்டுகின்றோம். நீக்குங்காலும் அவ்வாறே. செருப்பையும் சட்டையையும் கழற்றுகின்றோம்; கட்டியதை அவிழ்க்கின்றோம்; உடுத்ததைக் களைகின்றோம். இவையெல்லாம் ஒருவர் தம் கையால், தம் விருப்பால், தாம் வேண்டிய பொழுதில் செய்வன. இவற்றோடு சேராத வேறொரு சொல்லும் உண்டு. அஃது உரித்தல். தேங்காய்க்கு மட்டையை உரிக்கின்றோம். ஆட்டுக்குத் தோலை உரிக்கின்றான். உரிக்கப்படுவதன் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு எவரும் உரிப்பதில்லை.

பாம்பு தன் சட்டையைத் தானே உரிக்கின்றதே என்று இடைமறிக்கக் கூடிய புலவர் ஒருவரேனும் இவ்வவையில் இருப்பார். மெய்தான். ஆனால் பாம்புக்கு அதை எங்கே, எப்பொழுது செய்தல் வேண்டுமென்று எவனும் ஆணையிடுவதில்லை. புதர் மறைவிலே தனியே செய்துகொள்கின்றது. அவ்வளவு தனிமைகூட மாந்தனுக்குக் கிட்டாத ஓரிடம் இன்று உலகமெங்கும் உண்டு. அதுதான் வானூர்தி நிலையத்தின் ஆய்வு வாயில். ‘மேற்சட்டையைக் கழற்று, இடைவாரைக் கழற்று, காலணியைக் கழற்று’ என்று அங்கே பிறக்கும் ஆணை களைதலைச் சார்ந்ததா, உரித்தலைச் சார்ந்ததா என்பதே இன்று ஆராய்தற்குரியது.

ஒன்றை முதலிலேயே கூறிவிடல் நன்று. பாதுகாப்பே வேண்டா என்று அறிவுடையார் எவரும் கூறார். வானூர்திகளைக் கடத்துவது ஒரு தொழிலைப் போலப் பெருகிய பின்னரே, 1973 சனவரி 5 முதல் அமெரிக்காவில் பயணியர் அனைவரையும் ஆய்ந்து ஏற்றும் முறை வந்தது. அதற்கு முன்னர்ப் பேருந்தில் ஏறுவது போல் ஏறிக்கொண்டிருந்தனர். 1984 ஆகத்து 2 அன்று நம் மீனம்பாக்கத்திலேயே பெட்டியில் வைத்த குண்டு வெடித்து முப்பதின்மருக்கு மேல் மாண்டனர். 2001 செப்தம்பர் 11-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டா. அவ்வாண்டு திசம்பர் 22 அன்று பாரிசிலிருந்து மயாமி சென்ற வானூர்தியில் இரிச்சர்டு இரீடு என்பான் தன் காலணிக்குள் வெடிமருந்தை அடைத்து வந்து தீயிட முயன்றான். 2009 திசம்பர் 25 அன்று ஆம்சுடர்டாமிலிருந்து திட்ராயிட்டு சென்ற வானூர்தியில் இன்னொருவன் உள்ளாடைக்குள் வைத்து வந்தான். இவை கட்டிய கதைகள் அல்ல. ஆகலின் ஆய்வு வேண்டும். ஆய்வு எவ்வாறு நடத்தல் வேண்டும், எவரிடத்தில் எங்கே நின்றுவிடல் வேண்டும் என்பதே வினா.

இரீடு ஒருவனுடைய காலணிக்காக உலகத்தார் தத்தம் காலணியைக் கழற்றினர். அமெரிக்காவில் 2006 ஆகத்து முதல் அது கட்டாயமாயிற்று. முதியவரும், முழங்கால் வலி உடையவரும், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும் குனிந்து காலணி கழற்றி, வெறுங்காலோடு கூடத்தில் நடந்தனர். இஃதின்றிப் பாதுகாப்பே இல்லை என்று ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கூறிவந்தனர். 2025 சூலையில் அவ்வாணை நீக்கப்பட்டது. இனிக் கழற்ற வேண்டா. புதிய கருவிகள் பார்த்துக்கொள்ளும் என்றனர். நல்லது. ஆயின் இத்தனை ஆண்டுகள் ‘மாற்றவே இயலாத தேவை’ என்று சொல்லப்பட்டது, கருவி இல்லாமையைப் பயணியின் காலில் ஏற்றி வைத்ததுதான் என்பதும் அன்று தெளிவாயிற்று.

இனி, தமிழர் ஒருவருக்கு நேர்ந்தது.

2011 செப்தம்பர் 29. நியூயார்க்கு நகரின் கென்னடி வானூர்தி நிலையம். இராமேசுவரத்தில் பிறந்து, 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் தாயகம் திரும்புதற்பொருட்டு ஏர் இந்தியா வானூர்தியில் ஏறி, இருக்கையில் அமர்ந்துவிட்டார். அவருக்கு எண்பது அகவை நிறையப் பதினாறு நாள்களே எஞ்சியிருந்தன. நிலையத்தில் முன்னரே ஆய்ந்து விடுத்திருந்தனர். அதன் பின்னும் அமெரிக்கப் பாதுகாப்புப் பணியாளர் வந்து, வானூர்தியின் கதவைத் திறக்கச் செய்து உட்புகுந்து, அவருடைய மேற்சட்டையையும் காலணியையும் கேட்டு வாங்கிக்கொண்டு சென்றனர். வெடிபொருள் உண்டா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தனர். இந்திய ஏவுகணைத் திட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தியவரின் காலணியில் வெடிமருந்து தேடிய நிகழ்ச்சியை எண்ணி நகைப்பதா, நாணுவதா?

செய்தி நவம்பரில் வெளிவந்தது. இந்திய அரசு கண்டித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. கலாமோ அப்பொழுதும் சினந்தாரல்லர். 2009 ஏப்பிரலிலும் தில்லி நிலையத்தில் அமெரிக்க வானூர்திக் குழுமமொன்றின் பணியாளர் அவரை உடல் துழாவினர். முன்னாள் குடியரசுத் தலைவர்க்கு அவ்வாய்விலிருந்து விலக்கு உண்டென்று இந்திய நெறிமுறை கூறியும் அவ்வாறு செய்தனர். அன்றும் அவர் அமைதியாகவே நின்றார்.

‘அவரே கழற்றித் தந்தாரெனின் அது களைதல்தானே? இதில் உரித்தல் எங்கே வந்தது?’ என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். இருக்கையில் அமர்ந்த முதியவர். சூழ நூற்றுக்கணக்கான பயணியர். அவர் ‘மாட்டேன்’ என்றால் அனைவர் பயணமும் நின்றுவிடும். ‘மாட்டேன்’ என்று சொல்ல இயலாத இடத்தில் ‘சரி’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. கழற்றிய கை அவருடையதாயினும் வினை அவருடையது அன்று. தமிழ் இலக்கணம் இதனை ஏவல் வினை என்றும் பிறவினை என்றும் வேறு பிரித்துக் கற்பிக்கின்றது. எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான்.

மன்னிப்புக் கேட்டார்களே, அது போதாதா எனின், அம்மன்னிப்பு எதற்கு என்று பாருங்கள். பெரும்பதவியில் இருந்தோர்க்கெனத் தனிநெறி உண்டு, அது கடைப்பிடிக்கப்படவில்லை என்பதற்கே வருந்தினர். முதியவர் ஒருவரை அமர்ந்த இருக்கையில் வைத்துக் காலணியைக் கேட்டது தவறென்று அதில் இல்லை. அடுத்த ஆண்டே, 2012-இல், எழுபத்தைந்து அகவையும் அதற்கு மேலும் ஆனோர் காலணியையும் மெல்லிய மேற்சட்டையையும் கழற்ற வேண்டா என்னும் தளர்வை அவர்களே கொண்டுவந்தனர். கலாமிடம் அவர்கள் வாங்கிச் சென்ற அதே இரண்டு பொருள்கள்!

பெண்களின் செய்தி இன்னும் நுண்ணியது. 2010 திசம்பர் 4 அன்று அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர் மிசிசிப்பி மாநிலத்தின் பல்கலைக்கழகமொன்றுக்குச் சென்று திரும்புகையில், சாக்சன் வானூர்தி நிலையத்தில் தனியே பிரித்து நிறுத்தப்பட்டார். மாழை காட்டும் வாயிலைக் கடந்தபொழுது அஃது ஒலி எழுப்பவில்லை. தூதர் என்பதற்குரிய தாள்களையும் காட்டினார். ஆயினும் அவர் உடுத்திருந்தது சேலை. ஆறு முழத்துணியைவிட நீண்ட, மடித்துக் கொசுவிய அவ்வுடை அந்நாட்டு நெறிமுறையின் கண்ணுக்குப் ‘பருத்த உடை’. தனியிடத்தில் ஆய்வு செய்யுமாறு அவர் வேண்டினார். கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்தி, போவோர் வருவோர் காணத் தடவிப் பார்த்தனர். தனியிடம் என்று பெயர். ஆனால் ஊரே காணும். நெறிமுறைப்படியே நடந்தோம் என்பதுதான் பாதுகாப்புத் துறையின் விடை. ஒரு மக்கள் கூட்டத்தின் நாள்முறை உடையே ஐயத்துக்குரிய குறியாக எழுதப்பட்டிருக்கும்பொழுது, காவலர் எத்துணைப் பணிவோடு நடந்தாலும் பயன் என்ன?

உடையைப் பற்றி யார் யாருக்கு ஆணையிடுவது என்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த நாளில், நாடார் பெண்டிர் மார்பை மறைத்தல் குற்றமாகக் கருதப்பட்டது. மறைத்தவர்தம் மேலாடை சந்தைவெளியிலே கிழிக்கப்பட்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பின் 1859-இல்தான் மேலாடை அணியலாம் என்ற அறிவிப்பு வந்தது. அப்பொழுதும், மேற்குடிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற வரம்போடுதான் வந்தது. இவ்விரண்டும் ஒன்றென்று கூற வரவில்லை. அது சாதிக்கொடுமை, இது பாதுகாப்பின் பெயரால் நடப்பது. எனினும் தோள்சீலைக்குப் போராடிய மண்ணின் மக்கள் ‘மேலாடையை நீக்கு’ என்ற சொல்லை வேறு எவரையும்விட உன்னிப்பாகக் கேட்பதில் வியப்பில்லை.

இதற்கு மாற்றே இல்லையா? உண்டு. அதை வகுத்ததும் அமெரிக்கர்தாம். 2007-இல் சீக்கியர் எதிர்த்துப் போராடியதன் பயனாக ஒரு முறை ஏற்பட்டது. தலைப்பாகை கட்டியவர் தம் கையாலேயே அதனைத் தடவிக் காட்டலாம். பின்னர் அக்கையைச் சிறு துணித்துண்டால் ஒற்றி எடுத்துக் கருவியில் வைப்பர். வெடிபொருளின் துகள் இருப்பின் கருவி காட்டிவிடும். அவிழ்க்க வேண்டா, பிறர் கையும் படவேண்டா. எவ்வளவு எளிய வழி! ஆயினும் 2010 நவம்பர் 13 அன்று ஊசுடன் நிலையத்தில் ஐ.நா. மன்றத்துக்கான இந்தியத் தூதர் அர்தீப் சிங் பூரியின் தலைப்பாகையை ஆய முற்பட்டனர். அவர் மறுத்து, இந்நெறிமுறையை எடுத்துக் காட்டினார். அரைமணி நேர அளவு ஓர் அறையில் நிறுத்திவைக்கப்பட்டார். நெறி தாளில் இருந்தது. வாயிலில் நின்ற பணியாளர்க்கு அது தெரியவில்லை. தூதருக்குத் தெரிந்திருந்தமையால் அவர் தலைப்பாகை தப்பியது. தெரியாத ஓட்டுநரோ கடைப்பணியாளரோ அங்கே நின்றிருந்தால் அவிழ்த்திருப்பார்.

ஆடையைக் கழற்றாமலே உரிக்கும் எந்திரமும் வந்தது. உள்ளாடையில் வெடிமருந்து வைத்தவன் பிடிபட்ட பின்னர் அமெரிக்க நிலையங்களில் விரைந்து நிறுவப்பட்ட கதிர்க்கருவிகள், துணியை ஊடுருவி உடலின் வடிவத்தைத் திரையில் காட்டின. மக்கள் கொதித்தனர். 2013-இல் அவ்வகைக் கருவிகள் அகற்றப்பட்டன. எஞ்சிய வகைக் கருவிகள் உடலைக் காட்டாமல், பொம்மை போன்ற பொதுவடிவத்தில் ஐயமுள்ள இடத்தை மட்டும் குறித்துக் காட்டுகின்றன. கொதித்ததால் வந்த மாற்றம் அது. பணத்தால் வந்த மாற்றமும் ஒன்றுண்டு. 2013 இறுதியிலிருந்து 85 தாலர் கட்டணம் செலுத்தித் தம் பின்னணியை ஆய்வுக்குத் தந்தவர், ஐந்தாண்டுகளுக்குக் காலணியும் இடைவாரும் மெல்லிய மேற்சட்டையும் கழற்றாமல் தனிவழியில் செல்லலாம் என்று ஆக்கினர். மானத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியாயிற்று.

அமெரிக்கனைப் பழித்து முடித்துவிடலாம், அது நேர்மையாகாது. 1981-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்து நேர்ந்த பேருந்து நேர்ச்சியில் காலிழந்து, செயற்கைக் காலோடு மேடையேறி ஆடிக் காட்டியவர் சுதா சந்திரன். வானூர்தி நிலையங்களில் ஒவ்வொரு முறையும் அச்செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கின்றார்கள் என்று 2021 அக்தோபரில் அவர் தலைமையமைச்சருக்கே கண்ணீரோடு முறையிட்டார். இங்கே கேட்கப்பட்டது உடையுமன்று, உறுப்பு. நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது.

ஆணை எந்த மொழியில் வருகின்றது என்பதும் விட்டுவிடக் கூடியதன்று. 2020 ஆகத்தில் சென்னை வானூர்தி நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியை நோக்கி, ‘நீங்கள் இந்தியரா’ என்று வினவினார் பாதுகாப்புப் படையினர் ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினர்க்கே அவ்வாறெனின், மகனைப் பார்க்க முதன்முறை வானூர்தி ஏறும் உசிலம்பட்டித் தாய் என் செய்வாள்? எதை நீக்கச் சொல்கின்றார்கள், எதற்காக, எங்கே நின்று என்பது விளங்காமலே அவள் கை தானாகச் சேலைத் தலைப்புக்குச் செல்லும். தனியறை கேட்கும் உரிமையோ, பெண் காவலரே ஆய்தல் வேண்டும் என்னும் உரிமையோ அவளுக்குத் தெரிந்த மொழியில் சொல்லப்படாதவரை அவளுக்கு இல்லை. தமிழகத்து ஆய்வு வாயில்களில் தமிழ் வேண்டும் என்று கேட்பது மொழிப்பற்றுக்காக மட்டுமன்று.

2022 மார்ச்சில் குவாகத்தி நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தார் எண்பது அகவை மூதாட்டி ஒருவர். அறுவை மருத்துவத்தில் பொருத்தப்பட்ட இடுப்பெலும்பில் மாழை இருந்தமையால் கருவி ஒலித்தது. அதைச் சரிபார்க்க வேண்டுமென்று அவருடைய உடைகளைக் களையச் செய்தனர். அவர் தூதரும் அல்லர். குடியரசுத் தலைவராய் இருந்தவரும் அல்லர். மகள் வெளியிட்டமையால்தான் நாடு அறிந்தது. ஆய்ந்த காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சீக்கியரின் தலைப்பாகைக்குப் போதுமானதாய் இருந்த அந்தச் சிறு துணித்துண்டு, அம்மூதாட்டிக்கு மட்டும் ஏன் போதாமற் போயிற்று?